நாங்கள் வந்து சேர்கையில்

பேஜர் அலறியபோது
என் கையில் பாதி வெட்டிய பன்றி விலா.
வரிசையில் நின்ற திருமதி ஓஸ்ட்பி
"போ, எனக்கு அவசரமில்லை" என்றாள்.
அந்தச் சத்தம் கேட்டால்
யாருக்கு அவசரம் என்று
இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

குளிர் அறைக் கதவருகே
நவம்பரிலிருந்து நிற்கும் பை:
துழாவுகோல், மண்வெட்டி, கயிறு,
எப்போதோ வைத்து மறந்த ரொட்டி.

பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்ல்,
பல் சுத்தம் செய்யும் இமோஜென்,
கடன் முடியுமுன் பனிவண்டி மாற்றும் ரீஸ்,
கசாப்புக்காரி நான்.
சம்பளம் கிடையாது.
பெட்ரோல் ரசீதைக் கொடுத்தால்
பணம் வரும் என்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான்.
நான்கு பேர். கார்ட்ரைட் சரிவு.
ஒருவன் உச்சி தொடப் பாய்ந்து
பாதியில் வண்டியோடு புதைந்து நின்றான்.
நண்பன் சிக்கினால்
போய்க் கைகொடுப்பதுதானே வழக்கம்?
தரையில் அது சரி.
மலையில் ஒரு சரிவுக்கு ஒரே ஆள்.
இரண்டாமவன் ஏறினான்.
அடுக்கிவைத்த தட்டுகளில்
அடித்தட்டை உருவியதுபோல்
மலை நழுவியது.

சிக்கியவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை.
கைகொடுக்கப் போனவன் உள்ளே.

ஓடும்போது மாவு,
நின்றதும் சிமென்ட்,
அதுதான் இந்தப் பனி.
கால் மணி நேரம் வரை மூச்சுக்கு நம்பிக்கை உண்டு.
நாங்கள் போய்ச் சேர ஐம்பத்திரண்டு நிமிடம்.
கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் தோறும் சமூகக் கூடத்தில்
தொண்டை வறளச் சொல்கிறேன்:
எங்களை நம்பி ஏறாதீர்கள்.
பக்கத்தில் வருகிறவன்தான் உங்கள் மீட்புக்குழு.
அவன் பீக்கன் உயிரோடிருக்கிறதா,
தேடும் நிலைக்குத் திருப்பத் தெரியுமா
என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்.
சிரிப்பார்கள். சாப்பாடு எப்போது என்பார்கள்.

போன டிசம்பர் கடைசி வரிசையில் ஒருத்தி,
டெஸ், பத்தொன்பது வயது.
பீன்ஸும் இறைச்சியும் போட்ட
இலவசக் குழம்புக்காகவே வந்தேன் என்று
என் முகத்துக்கு நேரே சொன்னாள்.
இரண்டு தட்டு தின்றாள்.
ஒரு வரி குறித்துக்கொள்ளவில்லை.

அவள்தான் அன்று
எஞ்சின்களை நிறுத்தச் சொன்னாள்.
போன்களை அணைக்கச் சொன்னாள்.
நடுங்கியவனின் பீக்கனைத்
தானே பிடுங்கித் திருப்பினாள்.

முப்பத்தெட்டு.
இருபது.
ஏழு.
மண்டியிட்டு, பனியோடு உரச,
இரண்டு புள்ளி ஒன்று.
ஒன்று புள்ளி மூன்று.
அதற்குக் கீழே எண் இறங்கவில்லை.

கோலை இறக்கினால்
பாறை டக்கென்று சொல்லிவிடும்.
மனிதன் மட்டும்
மெத்தென்று திருப்பித் தள்ளுவான்.

நேர் மேலே வெட்டவில்லை அவள்.
சரிவின் கீழ்ப்பக்கமிருந்து
உள்நோக்கித் தோண்டினார்கள்.
பதினோரு நிமிடம்.

நாங்கள் வந்து சேர்கையில்
அவன் ஆரஞ்சுத் தார்ப்பாயில் சுருண்டு
பீட்ரூட் உதடுகளால்
"என் வண்டி எங்கே?" என்கிறான்.
டார்ல் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு
அவன் மூக்கைத் துடைத்துவிட்டான்.

கொஞ்சம் தள்ளி
மேலே சிக்கியிருந்தவன், காலப்,
ஆள் வெளியே வந்துவிட்ட குழியை
இன்னும் தோண்டிக்கொண்டிருந்தான்.
போதும் என்று சொல்ல
யாருக்கும் வாய் வரவில்லை.
எனக்கும்.
மண்வெட்டியைப் பூட்டிக்கொண்டு
நானும் குழியில் இறங்கினேன்.
கொஞ்ச நேரம் சேர்ந்து தோண்டினோம்.
என் கடைக் கவுண்டரைவிட
ஒரு சாண் ஆழம் அதிகம்.

இரவு பதினொன்றரைக்கு
பீக்கனில் புது பேட்டரி போட்டேன்.
பழையதில் இன்னும் எண்பது சதம் இருந்தது.
அது டிவி ரிமோட்டுக்கு.